துணியைக் கழற்றச் சொல்லும் ஊர்களில் குளிப்பது எப்படி

ஜெர்மனிக்கோ ஜப்பானுக்கோ வேலை கிடைத்துப் போகிறவர்களுக்கு எல்லாவற்றுக்கும் ஆலோசனை சொல்ல ஆள் இருக்கிறது. எந்தக் கடையில் புளி கிடைக்கும், வீட்டுக்கு எவ்வளவு அட்வான்ஸ் கேட்பார்கள், குக்கரைப் பெட்டியில் எப்படி வைப்பது என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு வார்த்தை போட்டால் போதும், ஆளாளுக்கு ஓடி வருவார்கள். ஆனால் கூட வேலை பார்க்கிறவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் "சௌனா போகிறோம், வருகிறாயா?" என்று கேட்டால் (சௌனா என்றால் வியர்க்க வியர்க்க உட்காரும் சூடான மர அறை) என்ன சொல்வது, அங்கே ஜட்டியையும் கழற்ற வேண்டுமா, மேனேஜரும் அதே அறையில்தான் உட்கார்ந்திருப்பாரா, கண்ணை எங்கே வைப்பது, கையை எங்கே வைப்பது என்பதையெல்லாம் குழுவில் கேட்க யாருக்கும் வாய் வராது. அதனால் நீங்கள் கேட்காமலே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. அந்த ஊர்க்காரர்களுக்கு வெட்கமே கிடையாது என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். அப்படி நினைத்துப் போகிறவர்கள்தான் அங்கே மானம் கெட்டுத் திரும்புகிறார்கள். வெட்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது, அது ஒட்டிக்கொண்டிருக்கும் இடம்தான் வேறு. நமக்குத் துணியில் இருக்கிறது. ஜப்பானியருக்கு அழுக்கில் இருக்கிறது. அம்மணமாக நடந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள், சோப்பு நுரையோடு தொட்டியில் இறங்கினால் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஜெர்மானியருக்கு அடுத்தவர் வியர்வையும் அடுத்தவர் பார்வையும். எந்த ஊருக்குப் போனாலும், இவர்கள் எதைக் கண்டால் முகம் சுளிக்கிறார்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், பாதி வேலை முடிந்தது.

இதில் நாம் ஏதோ ஒரே மாதிரி இருந்து வந்தவர்கள் என்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். சீசன் நேரத்தில் குற்றாலம் போய்ப் பாருங்கள். ஆண்கள் தொப்பையும் முதுகுமாக, இடுப்பில் ஒரு துண்டோ ஜட்டியோ மட்டும் போட்டுக்கொண்டு, உடம்பெல்லாம் எண்ணெய் வழிய, போகிறவர் வருகிறவர் முன்னால் உட்கார்ந்து மசாஜ் வாங்குவார்கள். யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பக்கத்தில் பெண்கள் சேலையோடும் சுடிதாரோடும் முழுத் துணியில் நனைந்துகொண்டிருப்பார்கள். நம் பாட்டிமார் ஆற்றில் குளித்தபோது பாவாடையை மார்புவரை ஏற்றிக் கட்டி, தோள் தெரியத்தான் குளித்தார்கள். இன்னும் கொஞ்சம் பின்னால் போனால், இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில் நாடார் பெண்கள் மேல்சாதிப் பெண்களைப் போலத் தோளை மறைக்கக் கூடாது என்று தடை இருந்து, பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 1859ல்தான் திருவிதாங்கூர் மன்னர் மேலாடைக்கு அனுமதி தந்தார். ஆக யார் எதை மூடலாம், எதைத் திறக்கலாம் என்பது நம்மிடமும் காலத்துக்குக் காலம், ஆளுக்கு ஆள் மாறித்தான் வந்திருக்கிறது. சரி, ஊர் ஊராகப் போவோம்.

ஜப்பான்: குளித்துவிட்டுத்தான் குளிக்க வேண்டும்

இரண்டு வகை இடங்கள் உண்டு. ஒன்சென் என்றால் வெந்நீர் ஊற்று. அதற்கு 1948லேயே சட்டம் போட்டுவிட்டார்கள்: நிலத்திலிருந்து வரும்போதே தண்ணீர் 25 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ இருக்க வேண்டும், இல்லையென்றால் சட்டத்தில் சொல்லியிருக்கும் 19 பொருள்களில் ஏதாவது ஒன்றாவது போதிய அளவில் இருக்க வேண்டும். இன்னொன்று சென்டோ, தெருமுனைப் பொதுக் குளியலறை, சாதாரணத் தண்ணீரைச் சூடாக்கி விடுவது. சென்டோவுக்குக் கட்டணம் அந்தந்த மாகாணம் வைப்பதுதான். டோக்கியோவில் 2024 ஆகஸ்டில் 550 யென் ஆனது. முதல்முறை போகிறவர்களுக்கு நான் சென்டோவைத்தான் சொல்வேன். சுற்றுலாக் கூட்டம் கிடையாது, பக்கத்து வீட்டுத் தாத்தாக்கள் வருவார்கள், அவர்கள் செய்வதைப் பார்த்து அப்படியே செய்தால் போதும்.

வாசலில் செருப்பைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுக் காசு கொடுத்தால், உள்ளே இரண்டு துணித் திரைகள் தொங்கும். பெரும்பாலும் நீலம் ஆண்களுக்கு, சிவப்பு பெண்களுக்கு. நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், எழுத்தையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்: மேல்பாதியில் நாலு கட்டம் போட்ட ஜன்னல் மாதிரி இருப்பது ஆண், சம்மணம் போட்டு உட்கார்ந்த ஆள் மாதிரி இருப்பது பெண். தங்கும் விடுதிகளில் காலையில் ஒரு பக்கம், மாலையில் மறுபக்கம் என்று ஆண் பெண் குளியலறையை மாற்றிவிடும் பழக்கமும் உண்டு. நேற்று போன வாசல்தானே என்று தூக்கக் கலக்கத்தில் நுழையாதீர்கள்.

திரைக்குப் பின்னால் உடை மாற்றும் அறை. எல்லாவற்றையும் அங்கேயே கழற்றிக் கூடையிலோ லாக்கரிலோ வைக்க வேண்டும். ஜட்டி, நீச்சல் உடை, இடுப்புத் துண்டு எதுவும் உள்ளே வரக்கூடாது. கையில் ஒரு சின்னத் துண்டு மட்டும் எடுத்துப் போகலாம், நடக்கும்போது முன்னால் பிடித்துக்கொள்வது அவர்களும் செய்வதுதான், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பெரிய துண்டு இந்த அறையிலேயே இருக்கட்டும். போனைத் தொடவே தொடாதீர்கள், மணி பார்க்கக்கூட.

இனிமேல் வருவதுதான் முக்கியம். உள்ளே நுழைந்ததும் நேராகத் தொட்டிக்குப் போகக் கூடாது. சுவரோரம் முழங்கால் உயரத்தில் வரிசையாகக் குழாயும் கைஷவரும் கண்ணாடியும் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் முன்னால் குட்டி முக்காலி ஒன்று, ஒரு பேசின். பல சென்டோக்களில் இந்தப் பேசின் மஞ்சள் நிறத்தில் இருக்கும், அடியில் கெரோரின் என்ற வலிமாத்திரையின் பெயர் அச்சிட்டிருக்கும். அந்தக் காலத்தில் விளம்பரத்துக்காகக் கொடுத்தது, இப்போது சென்டோவுக்கே அடையாளமாகிவிட்டது. முக்காலியைத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு உட்காருங்கள். நின்றுகொண்டு குளிக்கக் கூடாது, தண்ணீர் பக்கத்து ஆள்மேல் தெறிக்கும். தலை, காது மடல், அக்குள், தொடையிடுக்கு, கால்விரல் இடுக்கு என்று நிதானமாகத் தேயுங்கள். நாம் அவசரக் குளியலுக்குப் பழகியவர்கள், இரண்டு நிமிடத்தில் எழுந்துவிட்டால் சுற்றியிருப்பவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒரு முழங்கையை எத்தனை நேரம் தேய்க்கிறார் என்று ஓரக்கண்ணால் பாருங்கள், புரியும். பிறகு நுரை ஒரு பொட்டுக்கூட இல்லாமல் அலசி, முக்காலியையும் பேசினையும் அடுத்தவருக்காகக் கழுவி வைத்துவிட்டு எழுந்திருங்கள்.

தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்திருந்தால் அன்று ஷாம்பு போட்டு முழுசாக எடுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும், தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதந்தால் அது உங்களுடையது என்று கண்டுபிடிக்க யாருக்கும் நேரமாகாது. நீளமுடி இருந்தால் உச்சியில் கொண்டை போடுங்கள். முடி நுனியும் தண்ணீரில் படக்கூடாது. துண்டும் படக்கூடாது, அதை மடித்துத் தலையில் வைத்துக்கொள்வார்கள். தண்ணீர் பொதுவாக 40லிருந்து 42 டிகிரி, சில ஊர்களில் அதற்கும் மேல். காலை வைத்து, கொஞ்சம் நின்று, மெதுவாக இறங்கிக் கழுத்துவரை அமிழ்ந்து உட்காருங்கள். நீச்சல் அடிப்பது, முக்குளிப்பது, சத்தமாகப் பேசுவது கிடையாது. ஐந்து பத்து நிமிடத்தில் வெளியே வந்து ஆறிவிட்டு மறுபடி இறங்கலாம். குடித்துவிட்டுப் போகாதீர்கள், ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, கர்ப்பம் என்றால் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போங்கள். மாதவிலக்கு நாட்களில் பொதுத் தொட்டியில் இறங்குவதில்லை. உடை மாற்றும் அறைக்குத் திரும்பும் முன் சின்னத் துண்டைப் பிழிந்து உடம்பைத் துடைத்துவிட்டுப் போக வேண்டும், சொட்டச் சொட்டப் போய்த் தரையை நனைத்தால் அதுவும் குற்றம்தான். அப்புறம் அங்கே பாட்டிலில் குளிர்ந்த பாலோ காபிப் பாலோ விற்பார்கள், கட்டாயம் வாங்கிக் குடியுங்கள்.

நம்மவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அரைஞாண் வெள்ளியாக இருந்தால், மெட்டி, கொலுசு இருந்தால், கழற்றிவிட்டுப் போங்கள். கந்தகம் உள்ள ஊற்றில் வெள்ளி கருத்துப்போகும். கறுப்புக் கயிறு, பூணூல், மஞ்சள் கயிற்றுத் தாலி இருந்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை, சோப்புப் போட்டுக் கழுவியிருந்தால் சரி.

பச்சை குத்தியிருந்தால் மட்டும் போகும் முன் விசாரியுங்கள். யாகூசா கும்பல்காரர்கள் உடம்பு முழுக்கப் பச்சை குத்திக்கொள்வதால், பச்சை இருந்தால் அனுமதியில்லை என்று நிறைய இடங்களில் பலகையே வைத்திருப்பார்கள். ஊரிலிருந்து அம்மாவைக் கூட்டிப் போயிருக்கிறீர்கள், அவர் முன்கையில் சின்ன வயதில் குத்திய பெயர் இருக்கிறது என்றாலும் விதி விதிதான். சின்னதாக இருந்தால் தோல்நிற ஸ்டிக்கர் ஒட்டி மறைத்துக்கொண்டு வரச் சொல்வார்கள். தெரு சென்டோக்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. வெந்நீர் ஊற்றுக்குப் பேர்போன கினோசாகி ஊரில் உள்ள ஏழு பொதுக் குளியலறைகளும் பச்சை குத்தியவர்களை அனுமதிக்கின்றன.

ஜப்பானியர் ஆண் பெண் தனித்தனியாகக் குளிப்பது ஏதோ ஆதிகால ஒழுக்கம் என்று நினைக்காதீர்கள். எடோ காலத்தில், அதாவது 1868க்கு முன்பு, ஒரே தொட்டியில்தான் குளித்தார்கள்; அரசு அவ்வப்போது தடை போடும், மக்கள் அவ்வப்போது மறந்துவிடுவார்கள். 1854ல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரியின் கப்பல்களில் வந்த அமெரிக்கர்கள் ஷிமோடாவில் இதைப் பார்த்து அதிர்ந்துபோய் எழுதினார்கள், படமும் வரைந்து புத்தகத்தில் போட்டார்கள். வெள்ளைக்காரன் நம்மைக் காட்டுமிராண்டி என்று நினைப்பானே என்ற கவலையில், 1868ல் வந்த மெய்ஜி அரசு கலப்புக் குளியலையும் தெருவில் வெற்றுடம்போடு திரிவதையும் சட்டம் போட்டு அடக்கியது. ஆங்கிலேயன் முகச்சுளிப்பைப் பார்த்து நாம் மாற்றிக்கொண்டவை நினைவுக்கு வருகின்றனவா? இப்போது குழந்தைகள் விஷயத்திலும் கண்டிப்பு கூடிவிட்டது. டோக்கியோவில் 2022 ஜனவரியிலிருந்து ஏழு வயதானால் பையன் அம்மாவோடு பெண்கள் பக்கம் போகக் கூடாது. குடும்பமாகக் குளிக்க வேண்டும் என்றால் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் தனிக் குளியலறைகள் விடுதிகளில் உண்டு, கூச்சம் அதிகம் உள்ளவர்களுக்கும், இரண்டு திரைகளில் எதற்குள்ளும் போக வசதிப்படாதவர்களுக்கும் அதுதான் நல்ல வழி. அதுவும் வேண்டாம் என்றால் ஊற்று ஊர்களில் தெருவோரம் காலை மட்டும் நனைத்துக்கொண்டு உட்காரும் தொட்டி இருக்கும். பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டால் போதும்.

ஜெர்மனி: பலகையில் வியர்வை படக்கூடாது

இங்கேதான் நம்மவர்களுக்கு மயக்கமே வரும், ஏனென்றால் ஆணும் பெண்ணும் ஒரே அறை. ஜெர்மனியில் மட்டுமல்ல, ஆஸ்திரியாவிலும் நெதர்லாந்திலும் பல இடங்களில் இப்படித்தான். பெரிய நீச்சல் வளாகங்களில் நீச்சல் குளத்துக்கு ஒரு டிக்கெட், சௌனாவுக்குத் தனி டிக்கெட். குளத்தில் நீச்சல் உடை கட்டாயம். சௌனா பகுதிக்கான கதவைத் தாண்டியதும் "டெக்ஸ்டீல்ஃப்ரை" என்று பலகை இருக்கும், அதற்கப்புறம் நீச்சல் உடைக்குத் தடை. ஹோட்டல் ஸ்பாவிலும் அதே கதைதான். தேனிலவுக்கு வந்த நம் ஊர் ஜோடி நீச்சல் உடையோடு உள்ளே போய், கழற்றச் சொல்லி ஊழியர் வந்து நிற்க, முகம் வெளிறித் திரும்பி ஓடுவது அடிக்கடி நடக்கிற கூத்து.

ஏன் கழற்றச் சொல்கிறார்கள்? நைலான் துணி வியர்வையையும் குளத்துக் குளோரினையும் பிடித்து வைத்துக்கொண்டு 90 டிகிரிச் சூட்டில் நாறும், தோலுக்கும் ஆகாது என்பது சுகாதாரக் காரணம். இன்னொன்றை அவர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்: எல்லாரும் அம்மணமாக இருக்கும் இடத்தில் ஒருவன் மட்டும் துணியோடு உட்கார்ந்தால், அவன் குளிக்க வந்தவனாகத் தெரியமாட்டான், பார்க்க வந்தவனாகத் தெரிவான்.

கொண்டுபோக வேண்டியவை: பெரிய துண்டு இரண்டு, குளியல் அங்கி ஒன்று, ரப்பர் செருப்பு. அங்கியைப் போட்டுக்கொண்டு சௌனா வாசல்வரை நடக்கலாம், வெளியே கொக்கியில் மாட்டிவிட்டு, செருப்பையும் விட்டுவிட்டு, துண்டோடு உள்ளே போக வேண்டும். அதற்கு முன் ஷவரில் குளித்துத் துடைத்திருக்க வேண்டும். உள்ளே துண்டை இடுப்பில் சுற்றிக்கொள்ளவா என்றால், சுற்றினாலும் தப்பில்லை, ஆனால் அந்தத் துண்டின் முதல் வேலை வேறு. பலகையில் விரித்து அதன்மேல் உட்கார வேண்டும், உங்கள் பாதமும் அதற்குள் அடங்க வேண்டும். உங்கள் தோலின் எந்த இடமும் மரத்தில் படக்கூடாது. அம்மணமாக உட்கார்ந்திருக்கும் ஒரு ஜெர்மன் பாட்டி, நீங்கள் அம்மணமாக இருப்பதைப் பற்றிக் கவலையே படாமல், உங்கள் குதிகால் துண்டுக்கு வெளியே ஒரு அங்குலம் நீட்டிக்கொண்டிருப்பதைச் சுட்டிக்காட்டித் திட்டுவார். கூச்சம் அதிகம் என்றால் பெரிய துண்டாகக் கொண்டுபோய், பாதியை விரித்து மீதியை மடிமேல் போட்டுக்கொள்ளுங்கள். அப்படிச் செய்கிற ஜெர்மானியரும் இருக்கிறார்கள்.

முதலில் கீழ்ப்படியில் உட்காருங்கள், மேலே போகப் போகச் சூடு ஏறும். எட்டுப் பத்து நிமிடம், அதற்குள் தலை சுற்றினால் எழுந்து வந்துவிடுங்கள், வீராப்பு வேண்டாம். இங்கே உலோகம் ஆகாது. தங்கச் சங்கிலி, கம்மல், தாலிச் சரடு, உலோக ஃபிரேம் கண்ணாடி எல்லாம் அந்தச் சூட்டில் தோலைச் சுட்டுவிடும். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் மஞ்சள் கயிற்றுக்கு மாறிக்கொண்டு, அதில் கோத்த தங்கத்தைத் துண்டால் மூடிக்கொள்வது நல்லது.

குறித்த நேரத்துக்கு ஆஃப்குஸ் என்று ஒன்று நடக்கும். ஊழியர் ஒருவர் வாளியும் அகப்பையுமாக வந்து, சூடான கற்கள்மேல் வாசனைத் தண்ணீரை ஊற்றி, துண்டைச் சுழற்றி அனலை ஒவ்வொருவர் முகத்திலும் அடிப்பார். கதவை மூடிவிடுவார்கள், நடுவில் உள்ளே வரக்கூடாது. தாங்கவில்லை என்றால் வெளியே போகலாம், ஆனால் கதவைச் சட்டென்று மூட வேண்டும். முடிந்ததும் எல்லாரும் கைதட்டுவார்கள். பிறகு வெளியே வந்து கொஞ்சம் காற்று வாங்கி, குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டு, அங்கியைப் போட்டுக்கொண்டு ஓய்வறையில் படுப்பார்கள். ஓய்வறையில் கிசுகிசுத்துப் பேசினாலும் "ஷ்ஷ்" என்பார்கள்.

கண்ணை எங்கே வைப்பது? முகத்தில். யாராவது பேசினால் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள், இல்லையென்றால் கற்களைப் பாருங்கள். ஒருவர் தற்செயலாகப் பார்வையில் படுவதில் ஒன்றுமில்லை, பார்வை அங்கேயே நிற்பதுதான் குற்றம். போனோடு உள்ளே வந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். கூட வேலை பார்க்கிறவர்களைச் சந்திக்க நேர்ந்தால் தலையை அசைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள், திங்கட்கிழமை ஆபீசில் அதைப் பற்றி ஜோக் அடிக்காதீர்கள். ஆண்கள் கேட்கக் கூச்சப்படும் ஒரு கேள்வியும் உண்டு. அந்தச் சூட்டில் அப்படி நேர்வது அபூர்வம், நேர்ந்தால் துண்டை மடியில் போட்டுக்கொண்டு, எழுந்து, குளிர்ந்த ஷவருக்குப் போங்கள். கலப்பு வேண்டாம் என்கிற பெண்களுக்காகப் பல இடங்களில் வாரத்தில் ஒரு நாள் "டாமென்சௌனா" உண்டு, இணையதளத்தில் கிழமை போட்டிருப்பார்கள். சில இடங்களில் நீச்சல் உடை அனுமதிக்கும் நாளும் இருக்கிறது.

இந்தப் பழக்கம் நேற்று முளைத்ததல்ல. தொழிற்சாலைப் புகையும் நெருக்கடியுமாக நகரங்கள் வளர்ந்த 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், வெயிலும் காற்றும் துணியில்லாத உடம்பில் படட்டும் என்று கிளம்பியவர்கள் 1898ல் எஸ்ஸென் நகரில் இதற்கென்று சங்கமே வைத்தார்கள். நாஜிகள் 1933ல் இத்தகைய சங்கங்களைத் தடைசெய்தார்கள். போருக்குப் பிறகு கிழக்கு ஜெர்மனி அரசு பால்டிக் கடற்கரையில் 1950களில் தடைபோட்டுப் பார்த்தது, ஜனங்கள் கேட்கவில்லை, கடைசியில் அரசுதான் இறங்கி வந்தது. இன்றும் கிழக்குப் பக்கத்து ஏரிக்கரையில் "எஃப்.கே.கே" என்ற பலகையைப் பார்த்தால் அங்கே அம்மணமாகக் குளிப்பார்கள் என்று அர்த்தம், குடும்பத்தோடு பிக்னிக் போகிறவர்கள் பலகையைப் படித்துவிட்டு இடம் பிடியுங்கள். மியூனிக்கில் நடு ஊரில் இருக்கும் ஆங்கிலத் தோட்டத்திலும் இதற்கென்று பகுதி உண்டு. ஆனால் எல்லா இடமும் அப்படி என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. சாதாரண நீச்சல் குளத்தில் பெண்கள் மேலாடையில்லாமல் நீந்தலாமா என்பது பெர்லினிலேயே சண்டையாகி, புகாராகி, 2023 மார்ச்சில்தான் எல்லாருக்கும் ஒரே விதி என்று முடிவானது.

ஃபின்லாந்து, ஐஸ்லாந்து, இன்னும் சில ஊர்கள்

ஏறக்குறைய 55 லட்சம் ஜனம் உள்ள ஃபின்லாந்தில் சுமார் 30 லட்சம் சௌனா இருக்கிறது. அடுக்குமாடி வீட்டுக்கு வாடகைக்குப் போனால் கட்டடத்துக்குப் பொதுவான சௌனாவில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் உங்கள் முறை என்று சொல்வார்கள், பார்லிமென்ட் கட்டடத்திலும் ஒன்று இருக்கிறது. 2020ல் யுனெஸ்கோ இந்தச் சௌனா மரபைத் தன் பட்டியலில் சேர்த்தது. ஜெர்மனியிலிருந்து இங்கே போகிறவர்கள் குழம்புவது ஒரு விஷயத்தில்: பொது சௌனாவில் ஆண் பெண் தனி, உள்ளே அம்மணம். குடும்பத்துக்குள் எல்லாரும் சேர்ந்து போவார்கள். ஹெல்சிங்கியின் லோய்லு மாதிரியான புதிய கலப்பு சௌனாக்களில் நீச்சல் உடை போட வேண்டும். நகராட்சி நீச்சல் குளத்துச் சௌனாவில் நீச்சல் உடை போடக் கூடாது. அதே ஹெல்சிங்கியில் 1928ல் திறந்த இர்யோன்காட்டு குளத்தில், ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறு நாள் வைத்து, நீந்துவதே அம்மணமாகத்தான் இருந்தது. 2001லிருந்துதான் விரும்பினால் நீச்சல் உடை போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். ஆக ஒவ்வொரு வாசலிலும் பலகையைப் படித்துவிட்டுப் போங்கள். தண்ணீரைக் கற்கள்மேல் ஊற்றும் முன் கூட இருப்பவர்களைக் கேட்பது மரியாதை.

ஐஸ்லாந்தில் குளத்தில் நீச்சல் உடை உண்டு. ஆனால் இறங்கும் முன் பொது ஷவரில் துணியில்லாமல் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். தலை, அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களைச் சிவப்பில் குறித்த மனித உருவப்படம் சுவரில் இருக்கும், சில இடங்களில் குளித்தாயா என்று பார்க்க ஊழியரும் உட்கார்ந்திருப்பார். நீச்சல் உடையோடு ஷவருக்கடியில் நின்றுவிட்டு நழுவலாம் என்று நினைக்காதீர்கள், திருப்பி அனுப்புவார்கள்.

கொரியாவில் ஜிம்ஜில்பாங் என்ற பொதுக் குளியல் கூடத்துக்குப் போனால் வெந்நீர்த் தொட்டிப் பகுதி ஆண் பெண் தனி, அம்மணம். அதன்பிறகு அவர்கள் தரும் டீஷர்ட்டும் அரைக்கால்சட்டையும் போட்டுக்கொண்டு பொதுக்கூடத்தில் குடும்பத்தோடு படுத்துக் கிடக்கலாம். துருக்கியின் பொதுக் குளியலறையான ஹமாமில் தலைகீழ்: ஆண்கள் இடுப்பில் கட்டிய பெஷ்டமால் துண்டை அவிழ்க்கவே கூடாது, நம் ஊர்த் துண்டுக் குளியல் மாதிரிதான். ஜெர்மனி ஞாபகத்தில் அங்கே கழற்றினால் பெரிய அவமானம். பிரான்ஸ் நகராட்சிக் குளங்களில் தொளதொள அரைக்கால்சட்டை கூடாது, ஒட்டிப் பிடிக்கும் ஜட்டி மாதிரியான உடைதான் வேண்டும். இங்கிலாந்து, அமெரிக்கா ஜிம் சௌனாவில் பெரும்பாலும் நீச்சல் உடையோ துண்டோ கட்டியிருக்க வேண்டும். அதே அமெரிக்காவில் 1962 வரை பொதுச் சுகாதாரச் சங்கத்தின் வழிகாட்டுதலே ஆண்கள் குளத்தில் அம்மணமாக நீந்துவது நல்லது என்று இருந்தது, ஒய்.எம்.சி.ஏ.க்களில் பையன்கள் அப்படித்தான் நீந்தினார்கள். ஒரு தலைமுறையில் எல்லாம் மாறிப்போனது.

உடம்பைப் பற்றிய கவலை

தொப்பை, கறுப்பு, ஒல்லி, பிரசவக் கோடு, தழும்பு, முடி. நம்மைத் தடுப்பது பாதி வெட்கம் என்றால் மீதி இதுதான். சின்ன வயதிலிருந்து ஒரு கல்யாண வீட்டுக்குப் போனால் "என்னடி இப்படி ஊதிட்டே", "வெயில்ல சுத்திக் கறுத்துட்டானே", "எலும்புக்கூடு மாதிரி இருக்கே, அம்மா சோறு போடறதில்லையா" என்று கேட்டு வளர்ந்த உடம்பு இது. உடம்பை மூடிவைத்துக்கொண்டு நாள் முழுக்க அதைப் பற்றிப் பேசுவது நம் வழக்கம். ஜெர்மன் சௌனாவில் இருப்பவர்கள் திறந்துவைத்துக்கொண்டு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். நீங்கள் பாசத்தோடு ஒரு சக ஊழியரிடம் "கொஞ்சம் குண்டாயிட்டீங்க" என்று சொல்லிப் பாருங்கள், அம்மணமாகப் பார்த்ததைவிட அதுதான் அவருக்குப் பெரிய அத்துமீறலாகத் தெரியும்.

உள்ளே போய் உட்கார்ந்தால் தெரியும், அங்கே இருப்பவை விளம்பர உடம்புகள் இல்லை. அறுவைசிகிச்சைத் தழும்பு, மார்பகம் எடுத்த தடம், தொங்கும் வயிறு, நரம்பு சுருண்ட கால்கள், எழுபது வயது முதுகு. எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருக்கும். சினிமாவையும் இன்ஸ்டாகிராமையும் மட்டுமே பார்த்து உடம்பு என்றால் இது என்று நினைத்திருக்கும் ஆளுக்கு அந்தக் காட்சி ஒரு பெரிய ஆறுதல். அதற்காக அங்கே எல்லாரும் தன் உடம்போடு சமாதானமாக இருக்கிறார்கள் என்று கதைவிட மாட்டேன், டயட்டும் ஜிம்மும் அங்கேயும் பிய்த்துக்கொண்டு போகிறது, அம்மணச் சங்கங்களில் தலைநரைத்தவர்களே அதிகம். அம்மணமாகக் குளிக்கிற ஊரில் உடம்பைப் பற்றிப் பேச்சே இருக்காது என்றும் இல்லை. கொரியாவில் உடம்பு தேய்த்துவிடும் அம்மா, பச்சையோ மஞ்சளோ நிறமுள்ள சொரசொரப்பு உறையைக் கையில் மாட்டிக்கொண்டு, திரும்பு, புரளு என்று முதுகில் தட்டிச் சொல்லி, உருளும் அழுக்கை உங்களுக்கே காட்டுவார், எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லக்கூடும். நம் அத்தைமார் நினைவு வரும்.

தோல் நிறத்துக்காகப் பார்ப்பார்களா? ஜப்பானின் சின்ன ஊரில் வெளிநாட்டு முகம் என்பதால் ஒருமுறை பார்ப்பார்கள், எந்த ஊர் என்று ஒரு பாட்டி விசாரிக்கலாம். ஒழுங்காகக் குளித்துவிட்டு இறங்கினால் அதோடு முடிந்தது. முடியை எடுத்துவிட்டுப் போகவேண்டுமா என்றால், எங்கேயும் அப்படி விதி கிடையாது.

போக விருப்பமில்லை என்றால்

போகத்தான் வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. உடல்நிலை சரியில்லை என்று பொய்க்காரணம் சொன்னால் அடுத்த வாரம் மறுபடி கூப்பிடுவார்கள். "எனக்கு இது பழக்கமில்லை, நீங்கள் போய் வாருங்கள், சாப்பாட்டுக்கு வந்து சேர்ந்துகொள்கிறேன்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள், ஜெர்மானியருக்கும் ஃபின்லாந்துக்காரருக்கும் நேர்பேச்சு உறுத்தாது. பாதி மனது இருந்தால் "நீச்சல் உடை போடலாமா" என்று முன்கூட்டியே கேளுங்கள், நண்பர்கள் தனியாக எடுத்த சௌனா என்றால் பெரும்பாலும் சரி என்பார்கள். கணவன் மனைவியில் ஒருவருக்கு விருப்பம், ஒருவருக்கு இல்லை என்றால் வாசலில் போய் நின்று வாக்குவாதம் பண்ணாமல் வீட்டிலேயே பேசி முடிவெடுங்கள். இரண்டு பேருக்கும் சங்கடமில்லாமல் தொடங்க ஜப்பானிய விடுதியின் தனிக் குளியலறையைவிட நல்ல இடம் இல்லை.

முதல்முறை போகிறவர்கள் வார நாளில் மத்தியானம் போங்கள், கூட்டம் இருக்காது. தனியாகப் போவது இன்னும் நல்லது. தெரிந்தவர் முன்னால் கழற்றுவதைவிடத் தெரியாதவர் முன்னால் கழற்றுவது எத்தனையோ மடங்கு சுலபம். முதல் ஐந்து நிமிடம் கை எங்கே போவதென்று தெரியாது, அதற்குள் சூடு தலைக்கேறி மற்றதெல்லாம் மறந்துவிடும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். ஃபின்லாந்தில் சைவக்காரர்கள் வருவதாக இருந்தால் முன்பே சொல்லி வையுங்கள், சௌனா முடிந்ததும் தட்டில் வருவது அநேகமாக சாசேஜ்தான்.